மேகக் கணினியும் சங்கத்தின் சாவியும்

போடிநாயக்கனூரில் ஏலக்காய் விற்கும் அங்கத்தினர்கள், தங்கள் சரக்கின் விலை எவ்விடத்தில் தீர்மானமாகிறது என்பதை எண்ணிப் பார்த்ததுண்டா? ஒருவர் கூவ, மற்றவர் மேலே கேட்க, வாய்மொழியாகவே ஏலம் நடந்த காலம் ஒன்று இருந்தது. 2007ஆம் ஆண்டில் நறுமணப் பொருட்கள் வாரியம் கணினி வழி ஏலத்தைப் புகுத்தியது. வியாபாரி மாதிரிக் காயைக் கையிலெடுத்துப் பார்த்துவிட்டு, வாய் திறவாமலே விலை கேட்கலானார். பின்னர் 2020ஆம் ஆண்டில் கொரோனா நோய் பரவி மெட்டுச் சாலைகள் அடைபட்டபோது, தமிழ்நாட்டு வியாபாரி புற்றடிக்கு ஏறுவதும், கேரளத்து வியாபாரி போடிக்கு இறங்குவதும் அரிதாயின. அந்த இடர்ப்பாடே ஒரு வழியையும் காட்டியது. 2021ஆம் ஆண்டின் தொடக்கத்தில் போடி, புற்றடி என்னும் இரு ஏல மையங்களையும் ஒரே வேளையில் இணைக்கும் மேகக் கணினி ஏலம் தொடங்கப்பெற்றது. இங்கே அமர்ந்திருப்பவரும் அங்கே அமர்ந்திருப்பவரும் ஒரே லாட்டுக்குப் போட்டியிடலாம் என்றாயிற்று. கேட்போர் கூடினால் விலை கூடும் என்பதை விளைவிப்போருக்கு எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

ஆகவே, ‘கிளவுட்’ என்று வழங்கும் இந்த ஏற்பாடு தேவாரத்துக்கும் போடிக்கும் புதிதன்று. புதிது எதுவெனில், நம் சங்கங்களே தங்களுக்கென அத்தகைய ஏற்பாடு ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அதை ஆண்டு நடத்த வேண்டிய நிலை வந்திருப்பதுதான்.

கடன் சங்கங்களைப் பொறுத்தமட்டில் தேர்வு செய்யும் சுமையை மத்திய சர்க்காரே ஏற்றுக்கொண்டது. 2022 ஜூன் மாதத்தில் 63,000 தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்களைக் கணினி மயமாக்க 2,516 கோடி ரூபாய்த் திட்டத்திற்கு மத்திய அமைச்சரவை இசைவளித்தது. பின்னர் அதன் எல்லை மேலும் விரிக்கப்பட்டது. மேகக் கணினியில் இயங்கும் பொது மென்பொருள் ஒன்று அச்சங்கங்களுக்குக் கிடைக்கிறது. எதைக் கொள்வது, எதைத் தள்ளுவது என்று அவற்றின் செயலாளர்கள் தலையைப் பிய்த்துக்கொள்ள வேண்டியதில்லை. ஆனால் ஆண்டிபட்டியை அடுத்த சக்கம்பட்டியிலும் டி. சுப்புலாபுரத்திலும் உள்ளவை போன்ற நெசவாளர் ஊர்களின் சங்கங்களுக்கும், மலைச் சரக்கை ஒன்று திரட்டி விற்க முனையும் விளைவிப்போர் அமைப்புகளுக்கும் அந்தத் திட்டம் ஏற்பட்டதன்று. இவர்களைத் தேடி வருவோர் விற்பனை முகவர்களே. வண்ணப் படங்கள் நிறைந்த சிறு புத்தகம் ஒன்றை மேசைமீது வைத்து, “உங்கள் சங்கத்தின் எல்லாக் கணினி வேலைகளையும் ஒரே பலகையிலிருந்து மேலாளலாம்; கையெழுத்து மட்டும் போடுங்கள்” என்கின்றனர். எதில் கையெழுத்துப் போடுகிறோம் என்பதைக் குறித்தே இக்கட்டுரை.

முதலில் பெயரைத் தெளிவுபடுத்திக்கொள்வது நன்று. மலைமேல் தவழும் மேகத்துக்கும் இதற்கும் யாதொரு சம்பந்தமும் இல்லை. சென்னையிலோ மும்பையிலோ ஐதராபாத்திலோ உள்ள ஒரு பெரிய கட்டடத்தில், வேறொருவருக்குச் சொந்தமான கணினிகளை வாடகைக்கு எடுத்து, நம் கணக்கையும் மென்பொருளையும் அவற்றில் குடியேற்றுகிறோம், அவ்வளவே. மைக்ரோசாப்ட் நிறுவனம் 2015இல் சென்னையிலும், அமேசான் 2016இல் மும்பையிலும், கூகுள் 2017இல் மும்பையிலும் இத்தகைய நிலையங்களை நிறுவின. சர்க்கார் இலாக்காக்களுக்கென ‘மேகராஜ்’ என்னும் ஏற்பாடும் உண்டு. குடியேறிய வீட்டின் மின் மீட்டர், சாவிக்கொத்து, வருவோர் போவோர் பதிவேடு, இரவுக் காவல், தீ விபத்துக்கான மாற்று ஏற்பாடு ஆகிய அனைத்தையும் ஓரிடத்திலிருந்து கவனிப்பதற்கான கருவிப்பலகையே ‘கிளவுட் மேனேஜ்மென்ட் பிளாட்பாரம்’ என்னும் மேலாண்மைத் தளம். எத்தனை கணினிகள் நம் பேரில் ஓடுகின்றன, யார் எதைத் திறந்தார், இம்மாத வாடகை எவ்வளவு ஏறியுள்ளது, நேற்றிரவு நகல் எடுக்கப்பட்டதா என்பவற்றை அது காட்டும். காட்டுவதோடன்றிச் செய்யவும் செய்யும். புதுக் கணினி ஒன்றை எழுப்புவதும், இருப்பதை அழிப்பதும் அங்கே ஒரு விரலின் வேலை.

இனி, நம் சங்கங்களுக்கு இது வேண்டுமா என்னும் கேள்வி. முகவர்கள் விரும்பமாட்டார்களாயினும் உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். ஐம்பது தறிகளும் ஒரே ஒரு கணக்கு மென்பொருளும் உள்ள சங்கத்துக்குத் தனியே மேலாண்மைத் தளம் வேண்டுவதில்லை. வாடகைக்கு விடும் நிறுவனம் தன் கணினிகளோடு தானே தரும் பலகை அதற்குப் போதும். பல நிறுவனங்களிடம் பல கணினிகள் எடுத்து, அவை அனைத்தையும் ஒரே குடைக்கீழ் கொணர வேண்டிய நிலையில் உள்ளோருக்கே தனித் தளம் பயன்படும். மாவட்ட மத்தியக் கூட்டுறவு வங்கி, தலைமைச் சங்கம், பல கிளைகளும் கிட்டங்கிகளும் உடைய விற்பனைச் சங்கம் ஆகியவை அந்த வகையைச் சார்ந்தவை. சிறு சங்கம் ஒன்று பெரும் தளத்தை வாங்குவது, ஒரு முழம் துண்டு நெய்ய நூறு தறிக்குக் கொட்டகை போடுவதை ஒக்கும்.

பெரிய சங்கமாயினும் சிறிய சங்கமாயினும், சொந்தத் தளமாயினும் வாடகைத் தளமாயினும், தேர்ந்தெடுக்குமுன் கேட்க வேண்டிய தலையாய கேள்வி ஒன்றுண்டு. இதன் முதற்சாவி யாருடைய பேரில் இருக்கும்? முகவரின் புத்தகத்தில் இதற்கு விடை இராது. அறுபது வசதிகளை அடுக்கியிருப்பார்கள், படங்கள் இருக்கும், தள்ளுபடி விகிதம் இருக்கும். சாவியைப் பற்றி ஒரு வரி இராது.

நகைக்கடன் வழங்கும் சங்கங்களில் இரும்புப் பெட்டிக்கு இரட்டைப் பூட்டு ஏன் வைத்தோம்? செயலாளர் தீயவர் என்பதற்காகவா? ஒருவரே திறக்கக்கூடிய பெட்டி, அந்த ஒருவர் நோயுற்றாலும், மனம் மாறினாலும், ஊரை விட்டுப் போனாலும் சங்கத்தை நிலைகுலையச் செய்யும் என்பதை நம் முன்னோர் பட்டறிவால் அறிந்திருந்தனர். அந்த அறிவு கணினி வந்தவுடன் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. மேகக் கணினிக்கு ஒரு தலைமைக் கணக்கு உண்டு. அதை வைத்திருப்பவர் எல்லாவற்றையும் பார்க்கலாம், மாற்றலாம், அழிக்கலாம். பிறர் எவரையும் வெளியே தள்ளிக் கதவைச் சாத்தலாம். ஐயாயிரம் சவரன் வைத்த பெட்டியைக் காட்டிலும் பெரிய பெட்டி அது.

ஆய்வுக்குச் சென்ற இடங்களில் கண்ட ஒன்றைக் கூறுகிறேன். இவ்வட்டாரத்துக்கு வெளியே உள்ள ஒரு நெசவாளர் சங்கம். ஊர்ப் பெயர் வேண்டாம். கணக்கு மென்பொருளையும் மேகக் கணினியையும் சேர்த்துத் தரும் ஒரு சிறு நிறுவனத்தோடு அச்சங்கம் ஒப்பந்தம் செய்திருந்தது. தலைமைக் கணக்கை அந்நிறுவனத்தின் ஊழியர் ஒருவர், வேலை சுலபமாக முடியட்டும் என்று, தம் சொந்த மின்னஞ்சலிலும் சொந்தக் கைப்பேசி எண்ணிலும் தொடங்கியிருந்தார். ஈராண்டு எவ்விதக் குறையும் இல்லை. பிறகு அவர் வேறு வேலைக்குப் போய்விட்டார். நிறுவனத்துக்கும் சங்கத்துக்கும் ஆண்டுச் சந்தாவைக் குறித்துப் பிணக்கு ஏற்பட்டது. தீபாவளிக்கு முன் கூலி பாக்கியும் போனசும் கணக்கிட வேண்டிய வேளையில் திரை திறக்கவில்லை. நூல் எவ்வளவு கொடுத்தோம், சேலை எத்தனை வந்தது, யாருடைய சிக்கன நிதியில் எவ்வளவு நிற்கிறது என்பதெல்லாம் பூட்டிய கதவுக்கு அப்பால் கிடந்தன. தள்ளுபடி மானியக் கோரிக்கைக்கான பட்டியலும் அங்கேயே. செயலாளர் நெசவாளர்களின் பாஸ்புத்தகங்களை வீடு வீடாகச் சென்று வாங்கிவந்து, இரவு பகலாக உட்கார்ந்து கைக்கணக்கு எழுதினார். நல்லவேளையாக, கிட்டங்கிக்காரர் ஒருவர் பழைய வழக்கத்தை விடாமல் நூல் கொடுப்புப் பதிவேட்டைக் கையாலும் எழுதிவந்திருந்தார். பதினொரு நாட்களுக்குப் பின் கதவு திறந்தது. அந்தப் பதினொரு நாட்களில் சில குடும்பங்கள் தனிவட்டிக்குக் கடன் வாங்கிவிட்டன. வட்டிக்குக் கொடுப்பவரிடமிருந்து நெசவாளரை மீட்பதற்காக ஏற்பட்ட சங்கம், அவரை அங்கேயே அனுப்பி வைத்தது.

இங்கே குற்றம் மென்பொருளிலும் இல்லை, மேகத்திலும் இல்லை. சாவி யார் பேரில் என்று எவரும் கேட்கவில்லை. தீர்மானப் புத்தகத்தில் ஒரு வரியும் இல்லை.

ஆதலின், ஒப்பந்தத்துக்கு முன்பே நிர்வாகக் குழுவோ, குழு இல்லாத இடத்தில் செயலாட்சியரோ செய்ய வேண்டுவது இது. தலைமைக் கணக்கு, சங்கத்துக்குச் சொந்தமான மின்னஞ்சலில், சங்கத்தின் பேரில் வாங்கிய கைப்பேசி எண்ணோடு தொடங்கப்பட வேண்டும். நுழைய இரண்டு படிச் சரிபார்ப்பு வேண்டும். கடவுச்சொல் ஒருவரிடமும், அதை உறுதிசெய்யும் கருவி வேறொருவரிடமும் இருக்கலாம். மூடி முத்திரையிட்ட உறையில் மீட்புக் குறியீடுகளை எழுதி இரும்புப் பெட்டியில் வைக்க வேண்டும். நிறுவனத்தின் ஆட்கள் உள்ளே வர வேண்டுமெனில், அவரவர் பேரில் தனித்தனி நுழைவு, வேண்டிய அளவுக்கு மட்டும், வேண்டிய காலத்துக்கு மட்டும் தரப்பட வேண்டும். இவ்வாறு பிரித்துக் கொடுக்க இடந்தராத தளம் எவ்வளவு மலிவானதாயினும் தள்ளத்தக்கது. யார் எப்போது எதைச் செய்தார் என்னும் பதிவை எவராலும் அழிக்க இயலாதபடி வைத்திருப்பதும் அவ்வாறே இன்றியமையாதது. மத்திய சர்க்காரின் கணினி அவசர உதவிக் குழு 2022 ஏப்ரலில் பிறப்பித்த உத்தரவுப்படி, இத்தகைய பதிவுகளை 180 நாட்கள் பேணுவதும், ஊடுருவல் நேர்ந்தால் 6 மணி நேரத்துக்குள் அறிவிப்பதும் நிறுவனங்களின் கடமை. முகவரிடம் இதைக் கேட்டுப் பாருங்கள். விடையிலிருந்தே ஆளை எடை போடலாம்.

அடுத்தது வெளியேறும் வழி. குத்தகைக்கு நிலம் எடுப்பவர் கெடு முடிந்தால் எப்படி விடுவது என்பதை முன்கூட்டியே பேசிக்கொள்கிறார். கணினி விஷயத்தில் நாம் உள்ளே போகும் நாளைப் பற்றி மட்டும் பேசுகிறோம். இதன் விளைவைப் பெரிய நிறுவனங்களும் அனுபவித்துள்ளன. வி.எம்.வேர் என்பது உலகெங்கும் கணினிக் கூடங்களை மேலாளப் பயன்படும் மென்பொருள். அதைப் பிராட்காம் என்னும் நிறுவனம் 2023 நவம்பரில் வாங்கியது. ஒருமுறை பணம் கொடுத்து நிரந்தரமாக வாங்கும் உரிமம் அடுத்த மாதமே நிறுத்தப்பட்டு, ஆண்டுச் சந்தா முறை வந்தது. செலவு பன்மடங்கு ஏறியதாகப் பல வாடிக்கையாளர்கள் முறையிட்டனர். மாற விரும்பியோர் பலர். உடனே மாறக்கூடியோர் சிலர். தறியை விற்றவரே நூலையும் தாம்தான் விற்பேன் என்று சொன்னால், நூலின் விலையை யார் நிர்ணயிப்பர்?

ஐரோப்பிய நாடுகள் இதற்கெனச் சட்டமே செய்துள்ளன. 2025 செப்டம்பர் 12 முதல் நடைமுறைக்கு வந்த அங்குள்ள தரவுச் சட்டம், ஒரு மேகக் கணினியிலிருந்து மற்றொன்றுக்கு மாறுவதற்கான தடைகளை நீக்கச் சொல்கிறது. மாறுவதற்கென வாங்கும் கட்டணமும் 2027 ஜனவரியோடு ஒழிய வேண்டும். அந்தச் சட்டத்தின் நிழல் தேவாரம் வரை நீளாது. நாம் ஒப்பந்தத்தில் எழுதி வாங்கிக்கொள்ள வேண்டியதுதான். மூன்று மாதத்துக்கு ஒருமுறை நம் பேரேடு முழுவதும், எந்தக் கணினியிலும் திறக்கக்கூடிய பொது வடிவில், நம் கைக்கு வர வேண்டும். கணக்கின் எண்கள் மட்டும் போதா. எந்தப் பத்தியில் என்ன பொருள், வட்டி எவ்விதம் கணக்கிடப்பட்டது, ஒரு லாட்டின் எண் எந்த விளைவிப்போரின் சரக்கைக் குறிக்கிறது என்னும் விளக்கமும் உடன் வர வேண்டும். பாவு மட்டும் கிடைத்து, அச்சும் விழுதும் கிடைக்காத தறியை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

மூலக்குறிப்பு எல்லோருக்கும் திறந்திருக்கும் தளங்கள் சில உண்டு. 2010இல் அமெரிக்க விண்வெளி நிறுவனமான நாசாவும் ராக்ஸ்பேஸ் என்னும் கம்பெனியும் சேர்ந்து தொடங்கிய ஓப்பன்ஸ்டாக் அவற்றுள் ஒன்று. எந்தக் கம்பெனிக்கும் அடிமையாக வேண்டாம் என்பது இவற்றின் பெருஞ்சிறப்பு. எனினும் தானமாக வந்த பசுவுக்கும் தீவனம் போட ஆள் வேண்டும். தேர்ந்த ஆட்கள் இல்லாத சங்கம் இதை இலவசம் என்று எண்ணித் தொட்டால் கையைச் சுட்டுக்கொள்ளும்.

நகல் என்னும் காப்பு ஏற்பாட்டைப் பற்றி எல்லோரும் பேசுகின்றனர். எங்கே வைப்பது என்பதைப் பற்றித்தான் பேச்சில்லை. ஆஸ்திரேலியாவில் யூனிசூப்பர் என்று ஓர் ஓய்வூதிய நிதி உண்டு. 6 லட்சத்துக்கும் மேற்பட்ட அங்கத்தினர்களின் முதுமைக்காலச் சேமிப்பு அதில் உள்ளது. 2024 மே மாதத்தில் அந்நிதியின் தனி மேகக் கணினி ஏற்பாடு ஒன்று அழிந்துபோயிற்று. திருடர் எவரும் புகவில்லை. கூகுள் நிறுவனத்தின் உள்வேலையில் ஓரிடத்தை நிரப்பாமல் விட்டதால், காலக்கெடு முடிந்ததாகக் கருதி அமைப்பு தானே அதை அழித்துவிட்டது. இரண்டு வெவ்வேறு இடங்களில் பிரதி வைத்திருந்தனர். ஆயினும் இரண்டும் ஒரே ஏற்பாட்டைச் சார்ந்திருந்தமையால் இரண்டும் ஒருங்கே போயின. நிலைமையைச் சீர்செய்யத் துணைநின்றது, வேறொரு நிறுவனத்திடம் தனியே வைத்திருந்த நகல். ஒரு வாரத்துக்கு மேல் அங்கத்தினர் தம் கணக்கைப் பார்க்க இயலவில்லையாயினும் பணம் பிழைத்தது. 2025 செப்டம்பர் 26 அன்று தென் கொரியாவின் தேஜோன் நகரில் சர்க்கார் கணினிக் கூடம் தீப்பற்றியபோது அத்தகைய அதிர்ஷ்டம் வாய்க்கவில்லை. அளவு மிகப் பெரிது என்பதனால் வெளியே நகல் வைக்கப்படாதிருந்த 858 டெராபைட் ஆவணங்கள் அழிந்தன. ஊழியர்கள் பல ஆண்டுகளாகச் சேர்த்துவைத்த வேலை அது.

எனவே, ஒரு நகலாவது வேறொரு நிறுவனத்திடம், வேறொரு சாவியின்கீழ் இருத்தல் வேண்டும். நடப்புக் கணக்கை அழிக்கக்கூடிய கை, நகலையும் அழிக்கக்கூடிய கையாக இருத்தல் ஆகாது. தேர்ந்தெடுக்கும் தளம் இதற்கு இடந்தருகிறதா என்று கேட்க வேண்டும். சிலர் தங்கள் கூடத்துக்குள்ளேயே நகல் வைக்கும்படி வற்புறுத்துவார்கள்.

“பெரியவர்கள் பார்த்துக்கொள்வார்கள், கிராமத்தில் இருக்கும் நமக்கு இதெல்லாம் எதற்கு?” என்று கேட்கும் அங்கத்தினர்களும் உண்டு. 2024 ஜூலை 31ஆம் நாள் நடந்ததை அவர்கள் அறிதல் நலம். டாடா கன்சல்டன்சி சர்வீசஸும் பாரத ஸ்டேட் வங்கியும் சேர்ந்து நடத்தும் சி-எட்ஜ் டெக்னாலஜிஸ் என்னும் நிறுவனம், கூட்டுறவு வங்கிகளுக்கும் கிராம வங்கிகளுக்கும் கணினிச் சேவை அளிக்கிறது. அதன்மீது பிணைப்பணம் கேட்கும் நச்சு மென்பொருள் தாக்குதல் நேர்ந்தது. தீ பரவாதபடி, தேசியப் பணப்பட்டுவாடாக் கழகம் அந்நிறுவனத்தின் இணைப்பைத் துண்டித்தது. ஏறத்தாழ 300 சிறு வங்கிகளின் வாடிக்கையாளர்கள் ஒரு நாள் பணம் அனுப்பவும் எடுக்கவும் இயலாமல் தவித்தனர். மறுநாள் சேவை திரும்பியது. நேரே தாக்கப்பட்டதுகூட அந்த நிறுவனம் அன்று. அதனோடு தொடர்புடைய மற்றொரு கம்பெனியின் சர்வர் சரிவரப் பூட்டப்படாதிருந்ததே வாசலாயிற்று என்று ஆராய்ந்தோர் கூறினர். நம் கணக்கு யாரிடம் உள்ளது என்பது மட்டுமன்றி, அவர் யாரை நம்பியிருக்கிறார் என்பதும் நம் கவலையாகிறது. துணை ஒப்பந்தக்காரர் பட்டியலைக் கேட்டு வாங்கும் உரிமை நமக்கு வேண்டும்.

சட்டமும் இப்பொழுது அவ்விதமே சொல்கிறது. 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்திற்கான விதிகள் 2025 நவம்பரில் வெளியாகி, படிப்படியாக நடைமுறைக்கு வருகின்றன. அங்கத்தினரின் ஆதார் எண், கடன் நிலுவை, நகை விவரம் ஆகியவற்றைத் திரட்டுவது சங்கம். அவற்றைக் கணினிக் கம்பெனியிடம் ஒப்படைத்தாலும், சட்டத்தின்முன் பொறுப்பாளி சங்கமே. “கம்பெனியின் குற்றம்” என்று சொல்லித் தப்ப வழியில்லை. பாதுகாப்பில் தவறினால் விதிக்கக்கூடிய தண்டத்தின் உச்சவரம்பு 250 கோடி ரூபாய் என்பதை அறிந்தால், கையெழுத்துப் போடும் பேனா சற்றே நின்று யோசிக்கும்.

செலவைப் பற்றிச் சிறிது. மேகக் கணினியின் வாடகை மின்சார மீட்டரைப் போல ஓடுவது. மணிக்குப் பத்து ரூபாய் வாடகையுள்ள ஒரு கணினியை இரவும் பகலும் ஓடவிட்டால் மாதத்துக்கு 7,200 ரூபாய். அலுவலக நேரம் பத்து மணி, மாதத்தில் 26 நாட்கள் என்று வைத்துக்கொண்டால் 2,600 ரூபாய். வெறும் மறதிக்கு 4,600 ரூபாய் கூலி. மேலாண்மைத் தளம் உண்மையாகப் பணம் மிச்சப்படுத்துவது இங்கேதான். குறித்த நேரத்தில் அணைக்கும், வரம்பு தாண்டுமுன் எச்சரிக்கும். ஆடி, ஆவணியில் காய் பறிப்புத் தொடங்கி மாசி வரை நமக்கு வேலை மிகுதி. பங்குனி, சித்திரையில் குறைவு. நெசவாளருக்குத் தீபாவளியும் பொங்கலும் உச்சம். அந்தந்தப் பருவத்துக்கு ஏற்பக் கூட்டவும் குறைக்கவும் வசதியின்றி, ஆண்டு முழுவதற்கும் ஒரே அளவாகக் கட்டணம் வாங்கும் ஏற்பாடு நமக்குப் பொருந்தாது. அதேபோல, தளத்தின் சந்தா அது மிச்சப்படுத்தும் தொகையைவிட அதிகமா என்று கூட்டிக் கழித்துப் பார்க்கவும் வேண்டும். சிறு சங்கங்களில் பெரும்பாலும் அதிகமாகவே இருக்கும்.

இன்னொன்று. மலைமேல் உள்ள ஏலக்காய் ஸ்டோரில் கைப்பேசிக்குச் சமிக்ஞை எல்லா நாளும் கிடைப்பதில்லை. மழைக்காலத்தில் மெட்டுச் சாலையில் மண் சரிந்தால் கம்பியும் அறும். இணைப்பு இல்லாத வேளையிலும் எடையைப் பதிந்து ரசீது கொடுக்க முடிய வேண்டும். இணைப்பு வந்தபின் அது தானே கணக்கில் சேர வேண்டும். சென்னையில் குளிர்சாதன அறையில் செய்து காட்டும் வேடிக்கையை நம்பிவிடாமல், முகவரை ஜீப்பில் ஏற்றித் தோட்டத்துக்கே அழைத்துச் செல்வது நல்லது. இறங்கி வரும்போது அவர் பேச்சில் அடக்கம் தென்படும்.

இத்தனையையும் ஒரு சிறு சங்கம் தனியே செய்ய இயலுமா? இயலாது என்பதே என் கருத்து; செய்யவும் கூடாது. தனித்தனியே பேரம் பேசிய ஏழைகள் தோற்றதனால்தான் கூட்டுறவே பிறந்தது. 1904இல் திருவல்லிக்கேணியில் பண்டகசாலையைத் தொடங்கியோர், வீட்டுக்கு ஒருவராகக் கடைக்காரரிடம் போய் நிற்பதை விடுத்து ஒன்றாகக் கொள்முதல் செய்தனர். கணினி விஷயத்தில் நாம் மீண்டும் வீட்டுக்கு ஒருவராகப் போய் நிற்கிறோம். ஒரு வட்டாரத்தின் பத்துப் பதினைந்து சங்கங்கள் சேர்ந்து ஒரே ஒப்பந்தம் செய்யலாம். ஒரே தளத்தை எடுத்து, ஒவ்வொரு சங்கத்துக்கும் தனி அறை, தனிச் சாவி என்று பிரித்துக்கொள்ளலாம். தேர்ந்த ஒருவரைச் சம்பளத்துக்கு அமர்த்திக்கொள்ளலாம். தேனி மாவட்டத்துப் பிள்ளைகள் எத்தனையோ பேர் சென்னையிலும் பெங்களூரிலும் பிறர் கணினிகளுக்கு இரவுக் காவல் இருக்கின்றனர். அவர்களுள் ஒருவரேனும் ஊர் திரும்ப மாட்டாரா?

எல்லாச் சங்கங்களும் ஒரே தளத்தில் சேர்ந்தால், ஒன்று வீழ்ந்தால் அனைத்தும் வீழுமே என்னும் மறுப்பில் நியாயம் உண்டு. சி-எட்ஜ் நிகழ்ச்சி காட்டியதும் அதையே. அதனால்தான் பேரமும் ஆளும் பொதுவாக இருக்கலாம், சாவியும் நகலும் தனித்தனியாகவே இருக்க வேண்டும் என்கிறேன். ஒரு சங்கத்தின் அறையில் நுழைந்தவன் அடுத்த அறைக்குத் தாவ இயலாதபடி சுவர் வைக்க இன்றைய தளங்களில் வசதி உண்டு. அதைப் பயன்படுத்துவதற்குக் கேட்டு வாங்க வேண்டும். கேளாதவருக்குச் சுவர் எழுப்பித் தருவார் இல்லை.

“இதற்குப் பேசாமல் பழையபடி கைப்பேரேடே போதும்” என்பாரும் உளர். கரையானும் மழைத் தண்ணீரும் தின்ற பேரேடுகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். திருத்தி எழுதப்பட்டவற்றையும் பார்த்திருக்கிறேன். திரும்பிப் போவது வழியாகாது. ஆனால் நூல் கொடுப்புப் பதிவேடும் ரொக்கப் புத்தகமும் இன்னும் சில காலம் கையாலும் எழுதப்படுவதை நான் தடுக்கமாட்டேன்.

தேர்ந்தெடுத்த பின்னும் ஒரு சோதனை மீதியுண்டு. மீட்டெடுத்துக் காட்டாத நகலை நகல் என்று ஏற்கலாகாது. ஆண்டுக்கு ஒருமுறை, நிர்வாகக் குழுவினர் முன்னிலையில், நகலிலிருந்து வெற்றுக் கணினி ஒன்றில் சங்கத்தின் கணக்கு முழுவதையும் எழுப்பச் சொல்ல வேண்டும். எழும்பிய கணக்கிலிருந்து ஐந்து அங்கத்தினரின் நிலுவையை எடுத்து, அவர்களுடைய பாஸ்புத்தகத்தோடு ஒப்பிட வேண்டும். எத்தனை மணி நேரம் பிடித்தது என்பதைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதி, முத்திரையிட்ட உறை கலையாமல் இருக்கிறதா என்பதையும் அன்றே பார்த்துக் குறித்துக்கொள்ளலாம். ஏலக்காய்ச் சங்கங்கள் இதை ஆனி மாதத்தில், காய் பறிப்புக்கு முன் வைத்துக்கொள்ளட்டும். நெசவாளர் சங்கங்களுக்கு ஆவணி ஏற்றது. குறை ஏதேனும் தென்பட்டால், தீபாவளிக் கூலிக் கணக்குத் தொடங்குமுன் சரிசெய்ய ஒரு மாதமாவது கையில் இருக்கும்.